ஸ்கொலசிப் அருமைராசாவின் பேனை

மொன்ட்ரியால்-நோரில் போய் அருமைராசா என்று விசாரித்தால் ஆளைக் கண்டுபிடிப்பது வில்லங்கம். ஸ்கொலசிப் என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்க் கடைக்காரர் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருகிற வாண்டுகள் வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிடுவார்கள். டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நெடுங்காலமாகச் சலாட் வெட்டுகிற மனிதருக்கு இப்படியொரு பட்டப்பெயர் வந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. புதிதாக ஒருவரைக் கண்டால் எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்கிற விசாரணை முடிவதற்கு முன்பே, "நான் அஞ்சாம் வகுப்பில ஸ்கொலசிப் பாஸ் பண்ணினனான். எங்கட பள்ளிக்கூடத்தில அந்த வருசம் நான் ஒராள்தான்" என்று அவரே அவிழ்த்துவிடுவார். நாற்பது வயது மனிதரை ஐந்தாம் வகுப்புக்காக எப்படி வாழ்த்துவது?

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இலங்கையில் படித்தவர்களுக்கு அந்தப் புலமைப்பரிசில் பரீட்சையின் அருமை தெரியும். நாடு முழுக்க உள்ள ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதுவது அது. வென்ற பிள்ளைக்குப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம், விடுதியில் கட்டில், அரசாங்கச் செலவில் படிப்பு. தோற்ற பிள்ளை பழைய பள்ளிக்கூடத்திலேயே கிடக்கும். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கி வைக்கலாமா என்று இப்போது கேட்கிறார்கள். அப்போது யாரும் கேட்கவில்லை. அருமைராசாவைக் கேட்டால் அந்தப் பாரம்தான் தன் வாழ்க்கையிலேயே சுகமானது என்பார்.

மன்னார்க் கரையோரத்துப் பள்ளிக்கூடம் அது. பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகப் பீடத்துக்குப் போவார்கள், கையில் பேனையோ பென்சிலோ ஏந்திக்கொண்டு. பங்குக் குருவான சுவாமி அவற்றின் மேல் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுப்பார். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் முட்டை கிடையாது. சாப்பிட்டால் அதே வடிவத்தில்தான் பரீட்சைப் புள்ளியும் வரும் என்று தாயாருக்குப் பயம். அடிக்கிற கை கொண்ட தகப்பன் அந்தக் கிழமை மட்டும் பையனை 'தம்பி' என்று கூப்பிட்டார். பரீட்சையன்று காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வெளியே வந்தால், கிணற்றடியில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள் வெறுங்குடத்தோடு குறுக்கே வரக்கூடாதென்று ஒதுங்கி நின்றார்கள். ஒரு பொடியனுக்காக ஒரு தெரு ஒதுங்கி நின்றது. அதை நினைத்தால் அருமைராசாவுக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

முடிவு வந்த கிழமை, பூசை முடிவில் கலியாண ஓலைகளை வாசித்தபிறகு, சுவாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவருடைய பெயரை வாசித்தார். ஒரே ஒரு பெயர். கோயிலே திரும்பிப் பார்த்தது. தாயார் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பூசை கலைந்தபின் சுவாமி அறைக்குக் கூப்பிட்டு ஒரு மைப்பேனையைக் கையில் வைத்தார். கரும்பச்சை உடம்பு, பொன்நிற நிப், உள்ளே மை இழுக்க ஒரு சின்ன ரப்பர் பை. "இதாலதான் நீ இனி எல்லாச் சோதினையும் எழுதோணும்" என்றார் சுவாமி.

அந்தப் பேனைதான் அருமைராசாவோடு கடல் கடந்து வந்தது. வந்த புதிதில் ஆறேழு இளந்தாரிகள் ஒரே அபார்ட்மெண்டில் பாய் விரித்துப் படுத்த காலத்தில், மற்றவர்கள் பெட்டியில் பெண்பிள்ளைகளின் படம் வைத்திருந்தார்கள், இவர் பேனை வைத்திருந்தார். கலியாணமாகி றோஸ்மேரி வந்தபிறகு அது வரவேற்பறையில் மடுமாதா படத்தடியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் குடியேறியது. இடைக்கிடை திறந்து பார்ப்பார், மூடுவார். ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லை. றோஸ்மேரியும் தூசு தட்டும்போது அதைத் தொடாமல் சுற்றித் துடைப்பாள்.

ஒரேயொரு தடவை, அதே சமையலறையில் வேலை செய்கிற ஹென்றி, வெள்ளரிக்காய் சீவிக்கொண்டே விளையாட்டாகக் கேட்டான். "ஸ்கொலசிப் அண்ணை, அதுக்குப் பிறகு என்ன பாஸ் பண்ணினனீங்கள்?" அருமைராசா ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கீரையைத் திரும்பவும் கழுவினார். ஹென்றி வாய் பெரிதென்றாலும் மனம் கெட்டவன் அல்ல. பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள் றொஷினி ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள் என்றால் வீடு என்ன பாடுபடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். செப்டம்பர் மாதமே அருமைராசா குசினி மேசையில் டியூஷன் தொடங்கிவிட்டார். காலை வேலை என்பதால் அவள் பள்ளிக்கூடத்தால் வரும்போது அவர் வீட்டில் இருப்பார். தேத்தண்ணியும் பிஸ்கற்றும் வைத்துவிட்டு, தான் பத்து வயதில் பாடமாக்கிய கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்குவார். வரிசையில் நிற்கிற கமலாவுக்கு முன்னால் எத்தனை பேர், தொட்டியில் ஒரு குழாய் நிரப்ப இன்னொரு குழாய் வெறுமையாக்கினால் எப்போது நிரம்பும் என்றெல்லாம். றொஷினி பிஸ்கற்றைக் கடித்துக்கொண்டு, "ஏனப்பா அந்த மற்றக் குழாயைப் பூட்டேல்ல?" என்று கேட்பாள். அவருக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். பிள்ளை கேட்டது நியாயம்தான் என்பது பிறகு பஸ்ஸில் போகும்போது தெரியும்.

இந்த ஊர் ஐந்தாம் வகுப்பிலும் அப்படியொரு பரீட்சை இருந்தே தீரவேண்டும் என்பது அருமைராசாவின் நம்பிக்கை. இவ்வளவு பெரிய நாடு, பரீட்சை இல்லாமல் பிள்ளைகளை எப்படித் தரம் பிரிக்கும்? நவம்பரில் பெற்றோர் சந்திப்புக்குப் போனபோது வகுப்பு ஆசிரியை மடாம் சில்வியிடம் நேரே கேட்டுவிட்டார். அவருடைய பிரெஞ்சு சமையலறையோடு சரி, ஆகவே மொழிபெயர்ப்பு றொஷினியின் வேலை.

"சோதினை எப்ப எண்டு கேள்."

றொஷினி கேட்டாள். மடாம் சில்வி, நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய பெண்மணி, கொஞ்சம் யோசித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"அப்படி ஒண்டும் இல்லையாம் அப்பா. ஒவ்வொரு திங்கக்கிழமையும் அந்தக் கிழமை என்ன படிக்கிறம் எண்டு பச்சைக் கடதாசியில எழுதி அனுப்புறாவாம். அதுதானாம் எல்லாம்."

"நீ வடிவாக் கேட்டனியோ? பெரிய சோதினை. அரசாங்கச் சோதினை."

"கேட்டனான் அப்பா. இல்லையாம்."

அருமைராசா எழுந்து மடாமின் கையைக் குலுக்கி மெர்சி சொல்லிவிட்டு வெளியே வந்தார். நடைபாதையில் வந்ததும் சொன்னார்: "அவ எங்களுக்குச் சொல்லமாட்டா. வெள்ளைப் பிள்ளையளுக்குத்தான் சொல்லுவா." றோஸ்மேரி தலையில் கையை வைத்தாள். "உங்களுக்கு உந்தச் சோதினைப் பிசாசு எப்பதான் விடப்போகுதோ" என்று சத்தமாகவே சொன்னாள். தமிழ் தெரியாத ஊரில் சத்தமாகச் சொல்வதில் ஒரு வசதி உண்டு.

அதற்குப் பிறகு பச்சைக் கடதாசி வருகிற திங்கட்கிழமைகளில் அருமைராசாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். றொஷினி வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லுவாள், அவர் நீதிபதி மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு கிழமை பனியில் சறுக்கப் பழகுகிறார்கள். இன்னொரு கிழமை பழைய காலத்தில் ஆற்றோரம் வாழ்ந்த மக்கள் நீண்ட வீடுகளை எப்படிக் கட்டினார்கள் என்று கடதாசி மட்டையில் கட்டிப் பார்க்கிறார்கள். பின்னங்கள் படிக்கிற கிழமை அருமைராசா நிமிர்ந்து உட்கார்ந்தார், ஆனால் அவர்கள் அதைக் கேக் வெட்டிப் படித்து, படித்ததைத் தின்றும் விட்டார்கள். "இதுக்கோ நாங்கள் கப்பல் ஏறி வந்தனாங்கள்?" என்று அவர் கேட்டார். அவர் வந்தது விமானத்தில் என்று றோஸ்மேரி ஞாபகப்படுத்தினாள்.

கோபத்துக்கு அடியில் இருந்தது கவலை. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை என்றாலும் நான் சொல்கிறேன். தன் வாழ்க்கையில் ஒரேயொரு தடவை தன்னை ஒரு ஊரே திரும்பிப் பார்த்தது. அந்த நாளின் சூட்டில்தான் அவர் இத்தனை வருடக் குளிரையும் கழித்தார். தன் பிள்ளைக்குக் கொடுக்க அவரிடம் வேறு சொத்து இல்லை. அந்த நாளை மட்டும் எப்படியாவது கொடுத்துவிட வேண்டும். பிள்ளை ஐந்தாம் வகுப்பைக் கடந்து போய்விட்டால் பிறகு கொடுக்க முடியாது, அது அந்த வயதில்தான் கிடைக்கும். நாள்கள் போய்க்கொண்டிருந்தன, பரீட்சையோ வரக் காணோம்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரீட்சை வராவிட்டால் போகட்டும், ஆயத்தத்தையாவது செய்துவைப்போம் என்று அருமைராசா முடிவெடுத்தார். மடுமாதாவின் காலடியிலிருந்து பெட்டியை எடுத்தார். தமிழ்ப் பூசை முடிந்தபின் றொஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு பீடத்தடிக்குப் போய் நின்றார்.

"சுவாமி, பிள்ளை அஞ்சாம் வகுப்பு. பேனையை ஒருக்கா மந்திரிச்சுத் தரவேணும்."

சுவாமி இளையவர், யாழ்ப்பாணத்துக்காரர், விஷயம் தெரிந்தவர். "இஞ்ச ஸ்கொலசிப் சோதினை இல்லையே அண்ணை?" என்றார்.

"பிறகு வரும் சுவாமி" என்றார் அருமைராசா.

சுவாமி அவர் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தீர்த்தம் தெளித்து, பேனையையும் பிள்ளையின் தலையையும் தொட்டு மந்திரித்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற ஹென்றி பார்த்துச் சிரித்தான், அவனுடைய மனைவி முழங்கையால் ஒரு இடி கொடுத்ததும் நிறுத்தினான். கோயில் வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அருமைராசா குனிந்து மகளின் கையில் பேனையை வைத்து விரல்களை மூடினார்.

"இது இனி உன்ர. பள்ளிக்கூடப் பையுக்க வைச்சுக்கொள். சோதினை எண்டு வந்தா இதாலதான் எழுதவேணும். என்ன?"

"ஓம் அப்பா" என்றாள் றொஷினி. காருக்குள் ஏறியதும் தன் பூசைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கிறுக்கிப் பார்த்தாள். பேனை எழுதவில்லை. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். அப்பாவின் முகம் கண்ணாடியில் அவ்வளவு சந்தோஷமாகத் தெரிந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. இல்லாத பரீட்சைக்கு எழுதாத பேனை, பொருத்தம் சரிதானே.

மறுநாள் திங்கட்கிழமை பச்சைக் கடதாசி வந்தது. அருமைராசாவுக்கு அன்று தடிமன், மூக்கைச் சீறிக்கொண்டு சோபாவில் படுத்திருந்தார். றொஷினி வாசித்தாள்.

"இந்தக் கிழமை சாமான்கள் எப்படி வேலை செய்யுது எண்டு படிக்கிறம். வீட்டில இருந்து ஏதாவது நிண்டுபோன சாமான் ஒண்டு கொண்டுபோக வேணும். கழட்டிப் பார்த்து ஏன் நிண்டது எண்டு கண்டுபிடிக்க வேணும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா அம்மா வந்து பார்க்கலாம்."

"நல்ல படிப்பு" என்றார் அருமைராசா போர்வைக்குள்ளிருந்து. "வீட்டில நிண்டுபோன சாமானுக்கோ பஞ்சம்? எது வேணுமோ எடுத்துக்கொண்டு போ."

நிலவறையில் உடைந்த இஸ்திரிப்பெட்டி கிடந்தது, முள் நகராத மணிக்கூடும் கிடந்தது. அவர் அவற்றைத்தான் நினைத்தார். றொஷினி வேறு ஒன்றை நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை அருமைராசா ஹென்றியிடம் மிச்ச வேலையைக் கொடுத்துவிட்டு முன்னதாகவே புறப்பட்டார். தையல் தொழிற்சாலையில் றோஸ்மேரிக்கு லீவு கிடைக்கவில்லை. பெற்றோரை வரச் சொல்லுகிறார்கள் என்றால் ஏதோ முடிவு சொல்லப்போகிறார்கள் என்று அவருக்கு உள்ளூர ஒரு எண்ணம். ஹோட்டல் உடுப்பு மாற்றுகிற அறையில் முகம் கழுவி, கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் கட்டுகிற ஒரே கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டார். மெட்ரோவிலும் பஸ்ஸிலும் வெங்காய மணத்தோடும் கழுத்துப்பட்டியோடும் நின்ற மனிதரைச் சனங்கள் விலகி விலகிப் பார்த்தார்கள்.

வகுப்பறை சந்தை மாதிரி இருந்தது. ஒவ்வொரு மேசையிலும் வயிறு திறந்த ஏதோவொரு சாமான்: டோஸ்டர், தொலைபேசி, தையல் இயந்திரத்தின் பாதி. ஹெயிட்டிக்காரப் பையன் ஒருவன் ஒரு முழு வானொலிப் பெட்டியைப் பரப்பி வைத்துக்கொண்டு தகப்பனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அருமைராசா மகளைத் தேடினார். ஜன்னல் ஓர மேசையில் நின்று கையை ஆட்டினாள். அவளுக்கு முன்னால் ஒரு வெள்ளை மட்டை.

மட்டையில் அவருடைய பேனை ஒட்டப்பட்டிருந்தது. பேனை என்று சொல்வது தவறு. கரும்பச்சை உடம்பு ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், நிப்புக்கு அடியில் இருக்கிற கறுத்த நாக்கு வேறாக, ரப்பர் பை பொடிப்பொடியாக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். நிப் மட்டும் ஒரு பென்சில் கட்டையில் நூலால் கட்டப்பட்டுத் தனியே கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீல மையில் பெயர் எழுதியிருந்தாள்.

ஒரு கணம் அருமைராசா, தகப்பனுடைய கை தன் தோளிலிருந்து முளைத்துவிட்டதோ என்று பயந்து, கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் செருகினார்.

"என்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறாய்?" சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பக்கத்து மேசைகள் அடங்கின. "சுவாமி மந்திரிச்சுத் தந்த பேனை. உனக்குத் தெரியுமோ இது என்னெண்டு? தெரியுமோ?"

றொஷினி அழவில்லை. "நீங்கள்தானே அப்பா என்ர எண்டு சொன்னனீங்கள். இது எழுதேல்ல. சோதினை வந்தா எப்படி எழுதுறது? அதுதான் ஏன் நிண்டது எண்டு பார்த்தனான்."

மடாம் சில்வி வந்து பக்கத்தில் நின்றார். அருமைராசாவுக்கு வெட்கமாக இருந்தது. எழுதாது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருடமாகத் திறந்து பார்த்து மூடி, திறந்து பார்த்து மூடி, செத்த பேனை ஒன்றைத்தான் காவல் காத்திருக்கிறார்.

"ஏனாம் நிண்டது?" என்று கேட்டார்.

"உள்ளுக்க மை நிறைய இருந்தது அப்பா. நிறைச்சுப்போட்டு ஒருதரும் எழுதேல்ல. எழுதாமல் விட்டதால அப்படியே காய்ஞ்சு கல்லாப் போச்சு. ரப்பரும் வெடிச்சிட்டுது. பாவிச்சிருந்தா நல்லா இருந்திருக்குமாம், மடாம் சொன்னா." அவள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு யோகட் கிண்ணத்தை எடுத்து மேலே வைத்தாள். "சுடுதண்ணிக்குள்ள எல்லாத்தையும் ஊறப்போட்டனான். பாருங்கோ. உங்கட மை இன்னும் இருக்கு."

கிண்ணம் நிறைய நீலம். பள்ளிக்கூட மேசைகளில், விரல் நுனிகளில், வெள்ளைச் சட்டைப் பையின் அடியில் அந்தக் காலத்தில் எங்கும் இருந்த அதே நீலம்.

அருமைராசா பக்கத்தில் கிடந்த மகளின் சின்னக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால்கள் நெஞ்சுவரை வந்தன. அந்த மையை நிறைத்த காலை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அது ஐந்தாம் வகுப்புக் காலை அல்ல. அதற்கு ஒன்பது வருடத்துக்குப் பிறகு, விடுதியில், பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற கடைசிப் பெரிய பரீட்சையின் முதல் நாள். கட்டிலில் உட்கார்ந்து போத்தலிலிருந்து மை இழுத்து, நிப்பைத் துடைத்து, சட்டைப் பையில் குத்தினார். வெளிவாசலுக்கு வந்தபோது தெரு முழுக்க ஆமி நின்றது. சுற்றிவளைப்பு. பொடியன்களையெல்லாம் வெயிலில் வரிசையாக இருத்தினார்கள். பரீட்சை மண்டபத்தின் மணி அடித்ததும், பிறகு முடிந்து திரும்பவும் அடித்ததும் அவருக்குக் கேட்டது. சட்டைப் பையில் பேனை நிறைய மை. மாலையில் விட்டார்கள், விட்டவர்களில் இவர் ஒருவர். அடுத்த மாதம் தகப்பன் மீன்பிடி வள்ளத்தை விற்று அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். யாரும் அந்தப் பரீட்சையைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார், அது முடிவு தெரிந்த பரீட்சை என்பதால்.

இதையெல்லாம் அவர் மகளிடம் இரண்டு மூன்று வசனங்களில்தான் சொன்னார். "இது வேற சோதினைக்கு நிறைச்ச மை, பிள்ளை. அண்டைக்கு என்னைப் போக விடேல்ல. எழுதக் கிடைக்கேல்ல." றொஷினி அதைப் பிரெஞ்சில் மடாமிடம் சொன்னாள். என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, மடாம் சில்வி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மட்டையின் கீழ் மூலையைக் காட்டி ஏதோ கேட்டார். அங்கே ஒரு சின்னக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"சாமான் ஆரின்ர எண்டு அதுக்க எழுதவேணும்" என்றாள் றொஷினி. "நான் எழுதேல்ல. நீங்கள் எழுதுங்கோ. நிப் எழுதுது அப்பா, தோய்ச்சுத் தோய்ச்சு எழுதலாம். நான் எல்லாம் அதாலதான் எழுதினனான்."

பென்சில் கட்டையில் கட்டிய நிப்பை அவர் கையில் கொடுத்தாள். வானொலிப் பையனும் அவனுடைய தகப்பனும் எட்டிப் பார்த்தார்கள். அருமைராசா கோட்டின் கையை மேலே இழுத்துவிட்டு, நிப்பை நீலத் தண்ணீரில் தோய்த்து, விளிம்பில் தட்டினார். வெட்டுக்காயங்களும் வெங்காய மணமும் உள்ள அந்தக் கை கடதாசியைத் தொட்டதும், அவர் கேட்காமலே தன்பாட்டில் எழுதத் தொடங்கியது. எழுதி முடித்தபின்தான் என்ன எழுதினேன் என்று அவரே பார்த்தார்.

"இது என்ன நம்பர் அப்பா?"

"என்ர சோதினை நம்பர்." எழுதக் கிடைக்காத அந்தப் பரீட்சைக்கென்று பாடமாக்கிய நம்பர். மனைவியின் பிறந்தநாளை மறக்கிற மனிதருக்கு அது மறக்கவில்லை.

"பேர் எழுதேல்லையே?"

"சோதினைத் தாளில பேர் எழுதக்கூடாது, பிள்ளை. நம்பர் மட்டும்தான். பேர் எழுதினாத் தாளைத் தள்ளிப்போடுவினம்."

றொஷினி அவருடைய தோளில் கையைப் போட்டுக்கொண்டு, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்: "இஞ்ச சோதினை இல்லை அப்பா. பேர் எழுதலாம்."

அருமைராசா மறுபடி நிப்பைத் தோய்த்தார். நம்பருக்குக் கீழே, பள்ளிக்கூடத்தில் பழகிய உருண்டையான எழுத்தில், ஆறுதலாகத் தன் முழுப் பெயரையும் தமிழில் எழுதினார். மை வெளிறிப்போய்த்தான் இருந்தது, ஆனால் தெரிந்தது. மடாம் சில்வி கையைத் தட்டி வகுப்பை அமைதியாக்கினார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததையெல்லாம் கூட்டிச் சேர்த்து, றொஷினி தலையைச் சரித்துக்கொண்டு, அந்த ஒரு பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி எழுத்தெழுத்தாக வாசித்தாள்.